வண்டியை ஓட்டியது யார்?

நடந்து முடிந்த விஷயம், வண்டியும் வாசலில் நிற்கிறது, இனிமேலாவது ஆறப்போடேன் என்கிறாள் என் தங்கை. ஆற மாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்ய? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஒரு பள்ளி ஆசிரியை. வீடு சேவூரில், பள்ளி பெரணமல்லூர் பக்கம். மூன்று வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனது. யாருடைய இரக்கத்துக்காகவும் இதைச் சொல்லவில்லை, இது தெரியாமல் மீதிக் கதை புரியாது. பல வருடம் டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தேன். "ஏறும்மா, ஏறு, டைம் ஆவுது" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்துவார். நான் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி வைப்பதற்குள் பஸ் முழுக்க என் காலைப் பார்த்து முடித்திருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் கடன் போட்டு ஒரு சின்ன கார் வாங்கினேன். கியர் தானாக மாறும் வண்டி. அதில் காலால் மிதிப்பதற்குப் பதில் கையால் இயக்க ஒரு லீவர் வைத்துக்கொண்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, இடது கைக்கு எட்டும்படி இருக்கும். மேலே இழுத்தால் வேகம், முன்னால் தள்ளினால் பிரேக்.

அந்த லீவரைப் பொருத்தியது ஆரணியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாய். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும் அப்படியே. என்னைச் சீட்டில் உட்காரவைத்து, தோளிலிருந்து விரல்வரை நூல் பிடித்து அளந்து, தையல்காரர் மாதிரி இரண்டு முறை பிரித்து மாட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்து, வண்டியின் புத்தகத்திலும் அதைப் பதிந்து, என்னை ஓட்டவைத்துச் சோதித்து, என் பெயரில் லைசென்ஸ் கொடுத்தார்கள். ஆறு வருடத்தில் ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை.

அன்றைக்குக் காலை எட்டு மணி இருக்கும். சீக்கிர வேலை என்று என் கணவர் முன்பே ஆலைக்குப் போய்விட்டார், வண்டியில் நான் மட்டும். எங்கள் தெருக்களில் காலை வேளையில் பட்டுப் பாவு நீட்டுவார்கள். சேலையின் நீளவாக்கில் வரும் இழைகள் மொத்தத்தையும், ஆயிரக்கணக்கான இழைகளை, தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததைப் பிணைப்பார்கள். அந்த நேரத்தில் தெருவுக்குள் வருகிறவர்கள் ஒதுங்கித்தான் போவார்கள். லாரிக்காரர்கூட ஒதுங்குவார். போர்டு வைத்துச் சொல்கிற விஷயமில்லை இது, இங்கே வளர்ந்த யாருக்கும் கை தானாகத் திரும்பும்.

தெரு முனையில் நான் திரும்பினேன். எதிரே ஒரு டூவீலர் தப்பான பக்கத்தில், மூக்குக்கு நேராக வந்தது. வலது பக்கம் அவன். இடது பக்கம் நீட்டிக் கட்டிய பாவு, அதற்கு முன்னால் ஒரு கரண்ட் கம்பம். லீவரைத் தள்ளினேன், வண்டியை இடதுபக்கம் ஒடித்தேன். பாவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த இடம் என் வண்டிக்குப் போதவில்லை. யோசிக்கவே இல்லை, கம்பத்தில் விட்டேன். இடது ஹெட்லைட் நொறுங்கி, பம்பர் தொங்கி, முன்பக்கத் தகடு உள்ளே மடங்கிக் கதவுவரை நசுங்கியது. டூவீலர்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டான், நாசமாய்ப் போக.

பாவுக்காரம்மா ஓடிவந்தார். முதலில் நூலைத்தான் பார்த்தார். "ஒரு இழகூடப் போவல டீச்சர்!" என்று கத்திவிட்டு, அப்புறம்தான் "ஐயய்யோ, உங்களுக்கு அடி பட்டுச்சா?" என்று கண்ணாடிக்குள் தலையை விட்டார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நானும் அந்த வரிசையில்தான் யோசித்திருந்தேன். இடது மணிக்கட்டு மட்டும் வீங்கியிருந்தது.

அதற்குள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்துவிட்டார். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டுக் கொடுத்தவர், யாரோ போன் செய்திருக்கிறார்கள். நான் அப்போதும் டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். "சார், நீங்க ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க, நான் பாத்துக்கறேன். உடனே கெளம்பி வாங்க."

"வண்டி பாய் பட்டறைக்குப் போகட்டும்" என்றேன் நான்.

"அவரு லிஸ்ட்லயே இல்லீங்க மேடம். வேலூர்ல பெரிய ஒர்க்‌ஷாப் இருக்குது. கேஷ்லெஸ். கையிலேர்ந்து பைசா எடுக்க வேணாம், கம்பெனியே நேரா அவங்களுக்குக் கட்டிடும்."

"அந்த லீவர் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"அதெல்லாம் சார் வந்ததும் பேசிக்கலாம்."

சார் வந்ததும்! வண்டி என் பெயரில், பாலிசி என் பெயரில், வருடா வருடம் பிரீமியம் என் சம்பளத்தில். சார் வந்துதான் பேச வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது, பாவுக்காரம்மா ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று கட்டுப் போட்டுத் திரும்பி வருவதற்குள் வண்டியைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போய்விட்டார்கள். கம்பத்தடியில் கண்ணாடித் தூள் மட்டும் கிடந்தது.

சாயங்காலம் பாலிசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடைத்தாள் திருத்துகிற பழக்கம், ஒரு வரி விடாமல் படித்தேன். வண்டியை எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், செலவை நாம் கொடுத்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவுதான். லிஸ்டில் இருக்கிற இடத்துக்குப் போனால் முன்பணம் போட வேண்டாம், அது ஒரு வசதி. வசதியைச் சட்டம் மாதிரி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.

"இதப் பாருங்க" என்று தாளை என் கணவரிடம் நீட்டினேன். அரிசி ஆலையில் சூப்பர்வைசர் அவர். நல்ல மனிதர், வாயாடத் தெரியாதவர். தாளை வாங்காமல் போனையே தடவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா?

"இன்னாங்க மறைக்கிறீங்க? குடுங்க இப்டி."

போனில் க்ளைம் ஃபார்மின் போட்டோ இருந்தது. ஓட்டுநர் என்ற இடத்தில் என் கணவர் பெயர். அவருடைய லைசென்ஸ் நம்பர். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "நாய் குறுக்கே வந்தது." கீழே, வண்டிச் சொந்தக்காரர் கையெழுத்து என்று என் பெயரை யாரோ கிறுக்கியிருந்தார்கள்.

"நாயா? எந்த நாய்? எந்தத் தெரு நாய்?"

"எல்லாரும் அப்டித்தான் எழுதுவாங்களாம். பாவு நூலுன்னு எழுதினா வேலூர்ல எவனுக்கும் புரியாதாம்."

"சரி, நாய விடுங்க. ஓட்டினது யாரு?"

போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "கையால ஓட்டற வண்டின்னா கேள்வி மேல கேள்வி கேப்பாங்களாம். கால் முடியாதவங்க ஓட்டி இடிச்சாங்கன்னு தெரிஞ்சா ஒரே பேஜாராப் பூடும்னு ஏஜெண்ட் சொன்னாரு. உன் நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதுக்கா? என் லைசென்ஸ் இன்னா, வெத்தல பாக்கு மடிச்சுக் குடுத்த பேப்பரா? ஆறு வருஷம் நான் ஓட்டுனதெல்லாம் நீங்க ஓட்டுனதா ஆயிடுச்சா ஒரு நிமிஷத்துல?"

"கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

கேட்கட்டுமே! அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. கோபத்தைவிட வேறு ஒன்று என்னை அரித்தது. நான் நொண்டி, அதனால்தான் இடித்தேன் என்று என் வீட்டுக்காரரும் ஒரு ஓரத்தில் நினைத்துவிட்டாரா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் இருவரும் வேலூர் பஸ் ஏறினோம். ஒர்க்‌ஷாப் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபி மிஷின். வாசலில் நான்கு படி, பிடித்து ஏறக் கம்பி இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்து, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். சார் உட்கார்ந்தார். நான் பாலிசித் தாளோடு நின்றேன். மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "மேடம் வெயிட் பண்ணட்டும், நாம உள்ள போய் வண்டியப் பாத்துரலாம் சார்" என்றார்.

"நானும் வரேன்" என்றேன். "என் வண்டி."

உள்ளே வரிசையாக நின்ற வண்டிகளில் என்னுடையது பல் உடைந்த மாதிரி நின்றது. கதவைத் திறந்து டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒன்றுமில்லை. நான்கு திருகாணி ஓட்டை மட்டும் இருந்தது.

"லீவர் எங்க?"

"எது மேடம்? அந்தக் கம்பியா? அது கம்பெனி பிட்டிங் இல்லீங்களே. வெளிய மாட்டுனதக் கழட்டிட்டுத்தான் வண்டிய வேலைக்கு எடுப்போம். பத்திரமா இருக்குது, டிக்கில போட்டு வெச்சிருக்கோம்."

டிக்கியில் ஒரு கோணிப்பை கிடந்தது. அரிசி மூட்டைக் கோணி. அதற்குள் என் லீவர், நடுவில் வளைந்து கிடந்தது. நேற்று என் கை பிடித்தபோது நேராக இருந்த லீவர். கம்பத்தில் மோதியபோதுகூட வளையாதது, இவர்கள் கழற்றியபோது வளைந்திருக்கிறது.

"வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டுவீங்களா?"

"அது எங்களால ஆகாதுங்க மேடம். அதுக்கெல்லாம் அப்ரூவல் கெடையாது." கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அதுவுமில்லாம, சார்தானே ஓட்டறாரு? சாருக்கு எதுக்கு அது?"

அவர் தப்பாக எதையும் கேட்கவில்லை. தாளில் இருந்ததைத்தான் கேட்டார். வண்டியைப் புதுசாக்கி, பளபளவென்று மெருகேற்றி, என்னால் ஓட்ட முடியாத வண்டியாக என் கையில் கொடுக்கப்போகிறார்கள். மறுபடியும் டவுன் பஸ், கம்பி, படி, ஏறும்மா ஏறு. ஒரு பொய்க் கையெழுத்து என் கையை வண்டியிலிருந்து கழற்றிக் கோணிப்பையில் போட்டுவிட்டது.

என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்தக் கோணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் அப்போதுதான் வந்தார், சேதத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர். கூடவே நம் ஏஜெண்ட், சிரித்துக்கொண்டு. சர்வேயர் வெளியூர்க்காரர், மரியாதையான ஆள். நசுங்கிய இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, கோணிப்பையை அவர் காலடியில் வைத்தேன்.

"சார், இந்த ஃபார்ம்ல எழுதியிருக்கறது பொய். வண்டியை ஓட்டினது நான். இது என் லைசென்ஸ், இது வண்டியோட புத்தகம், இந்த லீவர் அதுல பதிவாயிருக்கு. நாயும் வரல, நரியும் வரல. எதிர்ல ஒருத்தன் தப்பா வந்தான். பக்கத்துல பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அதுல ஏத்தக்கூடாதுன்னு கம்பத்துல விட்டேன்."

சர்வேயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நூலுக்காகவா கம்பத்துல மோதினீங்க?"

"ஆமாம், நூலுக்காகத்தான். எங்க ஊர்ல கால் நல்லா இருக்கறவங்களும் அதையேதான் செய்வாங்க."

ஏஜெண்ட் குறுக்கே புகுந்தார். "மேடம், மேடம், அவசரப்படாதீங்க. பொய் ஸ்டேட்மென்ட்டுன்னு மொத்தமாத் தள்ளிடுவாங்க. செலவு உங்க தலையில வந்து விழும். சார், நீங்களாவது சொல்லுங்க சார்!"

சர்வேயரும் மறைக்கவில்லை. "எழுதினது தப்புன்னா நான் அப்படியேதான் ரிப்போர்ட் பண்ணணும். க்ளைம் நிக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். ஓட்டினது யாரு?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கும் உள்ளே ஆட்டம் கண்டது. வண்டிக் கடனே இன்னும் முடியவில்லை. பேசாமல் விட்டிருந்தால் என்ன, எப்படியோ வேலை முடிந்திருக்குமே என்று ஒரு மூலையில் ஓடியது. ஆனால் அந்த நாற்காலி, அந்தக் கோணி, "சாருக்கு எதுக்கு அது" எல்லாம் என்னைப் பின்வாங்க விடவில்லை. என் கணவர் ஆமாம் என்று சொன்னால் நான் பொய்க்காரி. அவ்வளவு பேர் நடுவில், என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவர் தொண்டையைச் செருமினார். "அவங்கதாங்க ஓட்டினாங்க" என்றார். "தெனம் அவங்கதான் ஓட்டுவாங்க. என்னியும் மில்லுல எறக்கி வுட்டுட்டுதான் போவாங்க. நான் பக்கத்துல உக்காந்து போறவன். பயந்துகினு எழுதிட்டேன், தப்புதான்."

ஏஜெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். சர்வேயர் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். கட்டுப் போட்ட கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். பாவு, கம்பம், டூவீலர் எல்லாம். கடைசியில் என் கையெழுத்து, என்னுடையதாகவே. கீழே அவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை ஆரணியில் நான் சொல்லும் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

"நம்ம கிட்ட இருக்கற பெயிண்ட் பூத்து அங்க இருக்காதுங்க மேடம்" என்றார் அடையாள அட்டை இளைஞர். அதுவரை சாரையும் தாளையும் பார்த்தே பேசியவர், முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான்.

"ஏறி உக்காந்தா ஓட்டற மாதிரி இருந்தாப் போதும் தம்பி. மினுக்கறதுக்கு இல்ல" என்றேன்.

வண்டி ஆரணிக்கு வந்து சேர்ந்ததும் பாய் அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். தகட்டில் கை வைத்துப் பார்த்தார். கோணியைப் பிரித்து லீவரை எடுத்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது. "இன்னா டீச்சரம்மா இது, கடப்பாற வெச்சுக் கழட்டினாங்களா? அறிவு வேணாமா! இது ஒருத்தரோட கையி மாதிரி!" என்று வேலூர்க்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் ஆத்திரத்தில் பாதியை ஒரு ஆள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாரே.

இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்துத் தலையசைக்கும்வரை அவர் ஒரு சுத்தியல்கூட எடுக்கவில்லை. நான் அவசரப்படுத்தினால், "ஜல்தி பண்ணாதீங்கம்மா, பேப்பர் வேலை முடியட்டும்" என்பார். தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, கடைசியில் என்னை வரவழைத்துச் சீட்டில் உட்காரவைத்தார். மறுபடி தோளிலிருந்து விரல்வரை நூல். "ஆறு வருஷத்துல கை கொஞ்சம் எறங்கியிருக்குதும்மா" என்று லீவரை அரை விரல்கடை தாழ்த்தி மாட்டினார். இவ்வளவு நாள் தோள் ஏன் வலித்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இடது கதவின் பெயிண்ட் மற்றதைவிட ஒரு சாயல் தூக்கல். வெயிலில் பார்த்தால் தெரியும். தெரியட்டும்.

க்ளைம் என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்கிறார்கள். அலையவிட்டார்கள், விளக்கம் கேட்டார்கள், கடைசியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். ஏஜெண்ட் தெருவில் என்னைப் பார்த்தால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போகிறார். எனக்கு ஆறவில்லை. சார் எங்கே என்று கேட்ட ஒவ்வொரு முகமும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் என் வீட்டுக்காரர் முகமும் கொஞ்ச நாள் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வாரம் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். என் போன் அடித்தது. அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிப்பது போல, சேவை திருப்தியாக இருந்ததா என்று ஐந்து கேள்வி கேட்க வேண்டுமாம்.

"சொல்லுங்க சார், வண்டி ஓட்டறவர் நீங்கதானே சார்? இப்ப பேசலாங்களா?"

லீவரில் என் கை இறுகியது. வாயைத் திறக்கப்போனேன். அவர் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் இல்லம்மா. ஓட்டறவங்க ஓட்டிகினு இருக்காங்க. வண்டிய நிறுத்தினதும் அவங்களே பேசுவாங்க."